எல்லோருக்கும் ஒரே பதிப்பு

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13ஆம் வெளியீட்டில் பைத்தான் மொழிக்குப் பதிப்பு ஒன்றே ஒன்றுதான்: 3.13. பெர்ல் என்றால் 5.40 மட்டும். மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களான நிரலகங்களுக்கும் அப்படித்தான்: இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவுக்கு ஒரு பதிப்பு, எண் கணக்குக்கான நம்பைக்கு ஒரு பதிப்பு. 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த இந்த வெளியீட்டில் நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள் பொதிகள், அதாவது பேக்கேஜ்கள், மொத்தம் 69,830 இருக்கின்றன. அவற்றில் எந்த நிரல் நம்பையைக் கேட்டாலும் அதற்குக் கிடைப்பது அந்த ஒரே நம்பைதான். வானியல் கணக்குப் போடும் நிரலானாலும் சரி, மரபணுத் தரவைப் பிரித்துப் பார்க்கும் நிரலானாலும் சரி, அந்த ஒன்றோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் யாராவது உட்கார்ந்து ஒத்துப்போக வைக்க வேண்டும். முடியாமல் போனால் அந்த நிரலுக்கு வெளியீட்டில் இடமில்லை.

அப்படி உட்காருகிறவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். டெபியனில் ஏறக்குறைய ஒவ்வொரு நிரல்மொழிக்கும் ஒரு குழு உண்டு. பைத்தான், பெர்ல், ரூபி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ஹாஸ்கெல், கோ, ரஸ்ட், பிஎச்பி, ஆர், ஓகேமல் என்று நீளும். பெரும்பாலானவர்களுக்கு இதற்குச் சம்பளம் இல்லை. பகலில் வேறு வேலை, ராத்திரியில் இது. நானும் சில வருடங்களாகப் பெர்ல் குழுவிலும் பைத்தான் குழுவிலும் என்னால் முடிந்ததைச் செய்துவருகிறேன்.

ஒரே பதிப்பு என்ற இந்த விதி பழைய காலத்துப் பிடிவாதம் என்று சொல்கிறவர்கள் இப்போது அதிகம். இணையத்திலிருந்து நிரலகங்களை இறக்கித் தரும் பிப், என்பிஎம், கார்கோ எல்லாம் வந்தபிறகு ஒவ்வொரு நிரலும் தனக்கு வேண்டிய பதிப்பைத் தானே இறக்கிக்கொள்கிறது, டெபியன்காரர்கள் ஏன் இன்னும் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று கேட்கிறார்கள். என் எண்ணம் வேறு. மொழிக் குழுக்களின் வேலை அத்தனையும் இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கிறது, அந்த வேலைக்கு மதிப்பு வருவதும் இதனால்தான்.

ஒரு கல்லூரிப் பட்டறையில் ஒரு மாணவி இதையே வேறு விதமாகக் கேட்டாள். "அக்கா, பிப் இன்ஸ்டால் குடுத்தா 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்'னு எர்ரர் வருது. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'னு ஒரு ஆப்ஷன் சேத்துக் குடுத்தா உடனே சரியாயிடுது. அப்புறம் எதுக்குக்கா இந்தத் தடை?"

"அந்த ஆப்ஷனோட பேர என்னன்னு இன்னொரு தடவை வாசி" என்றேன். வாசித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் கேள்வி நியாயமானது. 2023இல் வந்த டெபியன் 12 தொடங்கி இந்தத் தடை இருக்கிறது. பைத்தான் சமூகமே பிஇபி 668 என்ற ஆவணத்தின் வழியாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு இது. கணினியின் பைத்தானை நம்பி இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பல ஓடுகின்றன. அந்தக் கருவிகள் எதிர்பார்க்கும் நிரலகத்தின் மேல் பிப் வேறொரு பதிப்பைக் கொண்டுவந்து போட்டால், நாளைக்கு எது எங்கே உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. உன் புராஜெக்டுக்கு ஒரு விஎன்வி (தனியாக ஒதுக்கிய பைத்தான் சூழல்) உருவாக்கி அதற்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள், கணினியின் பைத்தானை மட்டும் விட்டுவிடு என்று விளக்கினேன். அவள் அதோடு விடவில்லை. "அப்போ எல்லா நிரலுக்கும் ஒரு விஎன்வி குடுத்துட்டா முடிஞ்சுதேக்கா. ஒரே பதிப்புன்னு எதுக்கு அடம்?"

அதற்கு நான் சொன்ன பதில் லாக்4ஜே.

2021 டிசம்பர் 10 அன்று லாக்4ஜே என்ற ஜாவா நிரலகத்தில் இருந்த ஓட்டை உலகத்துக்குத் தெரியவந்தது. பதிவுக்குறிப்பில் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் எழுத்துகளை நுழைத்துவிட்டால், வெளியாள் ஒருவர் உங்கள் சர்வரில் தன் நிரலை ஓட்டலாம். அந்த வாரம் முழுவதும் பல நிறுவனங்களில் நடந்தது தேடல். எங்கள் மென்பொருளில் லாக்4ஜே இருக்கிறதா? இருந்தால் எந்தப் பதிப்பு? ஒவ்வொரு ஜாவா நிரலும் தனக்கு வேண்டியதைத் தன் ஜார் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைத்திருந்தது. ஜாருக்குள் ஜார், அதற்குள் இன்னொரு ஜார். டெபியனின் பேக்கேஜ் களஞ்சியத்தில் அந்தத் தேடலுக்கு அவசியமே வரவில்லை. அங்கே லாக்4ஜே 2 என்ற பேக்கேஜ் ஒன்றுதான். டெபியனின் ஜாவா நிரல்கள் நிரலகங்களைப் பொது இடத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. சரிசெய்த பதிப்பு சில நாட்களுக்குள் வந்தது, டெபியனின் புதுப்பிப்புக் கட்டளையான ஆப்ட் அப்கிரேடு கொடுத்தவர்களுக்கு அதை நம்பியிருந்த எல்லா நிரல்களும் சேர்ந்து சரியாயின. ஊர் ஏரியைக் குடிமராமத்தில் தூர்வாரினால் பாசனத்தில் இருக்கும் அத்தனை வயலுக்கும் தண்ணீர் வருவதைப் போன்றதுதான் இது. வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்ட ஊரில் அந்த வசதி கிடையாது.

சரி, அந்த ஒரு பதிப்பைக் காப்பாற்ற ராத்திரியில் என்னதான் நடக்கிறது?

ஒரு நிரலகத்துக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதைக் கண்காணிப்புக் கருவி தெரிவிக்கும். அதை இறக்கி, ஏற்கெனவே நாங்கள் வைத்திருக்கும் திருத்தங்கள், அதாவது பேட்ச்கள், புதிய மூலநிரலில் இன்னும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதுவரை எல்லாம் கருவிகளே பெரும்பாலும் செய்துவிடும். மனிதக் கண் தேவைப்படுவது அதற்கு அடுத்த கட்டத்தில். பழைய பதிப்புக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை வாசிப்பேன். புதிதாக ஒரு கோப்பு சேர்ந்திருந்தால் அதை எழுதியது யார், என்ன உரிமம் என்று பார்த்துக் காப்புரிமைக் கோப்பில் எழுத வேண்டும். ஆவணத்துக்குள் சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்று நைசாக நுழைந்திருக்கும். மனிதர் வாசித்துத் திருத்தக்கூடிய வடிவம்தான் மூலநிரல், சுருக்கப்பட்டது அதில் சேராது. எனவே அதை எடுத்துவிட்டு மூலத்திலிருந்து உருவாக்க வழி பார்க்க வேண்டும்.

பிறகு கட்டுமானம். டெபியனின் கட்டுமான விதிப்படி பேக்கேஜ் கட்டப்படும்போது இணையத்தைத் தொடக்கூடாது. இணையத்திலிருந்து எதையாவது இறக்கினால்தான் கட்ட முடியும் என்றால் அது டெபியனில் செல்லாது. தேவையான ஒவ்வொன்றும் ஏற்கெனவே களஞ்சியத்தில், மூலநிரலோடு, யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் இடம்தரும் சுதந்திர உரிமத்தோடு இருந்தாக வேண்டும். இல்லாதபோது முதலில் அதைப் பேக்கேஜ் ஆக்க வேண்டும். அதற்கு இன்னொன்று தேவைப்படும். இந்தச் சங்கிலியில் ஐந்தாறு கண்ணி இறங்கிப் போய்த் தொடங்கிய இடம் மறந்த ராத்திரிகள் எங்கள் குழுவில் எல்லோருக்கும் உண்டு.

கட்டி முடித்தால் சோதனை. இந்த நிரலகத்தை நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்கள் புதிய பதிப்போடு ஓடுகின்றனவா என்று அவற்றின் சோதனைகளையும் ஓட்ட வேண்டும். டெபியன் 13 ஏழு வகைச் செயலிக் கட்டமைப்புகளுக்கு வருகிறது. அதில் எஸ்390எக்ஸ் என்பது ஐபிஎம் மெயின்ஃபிரேம்களுக்கானது. எண்ணின் பைட்டுகளை நம் மடிக்கணினிகள் அடுக்கும் வரிசைக்கு நேர் எதிராக அது அடுக்கும். ஒரு கோப்பை பைட்டு பைட்டாகப் படிக்கும் நிரலில், எல்லாக் கணினியும் தன் கணினியைப் போலத்தான் இருக்கும் என்று நினைத்து எழுதிய வரி இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். மெயின்ஃபிரேமில் இந்த நிரலை யார் ஓட்டப்போகிறார்கள் என்று சலிப்பு வருவது இயல்புதான். ஆனால் அங்கே பிடிபடும் வழு (நிரல் பிழை) பலசமயம் எல்லா இடத்திலும் இருக்கும் வழு. மற்ற கணினிகளில் அது வெளியே தெரியாமல் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

உரிமத்தை வாசிப்பது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்காக ஒரு கதை. பிஎச்பி மொழியில் ஜேசன் என்ற தரவு வடிவத்தைக் கையாளும் பகுதி பல வருடங்களாக மொழியோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு பகுதியின் உரிமத்தில், இந்த மென்பொருளை நன்மைக்குத்தான் பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் எது தீமை என்று யார் முடிவு செய்வது? 1997இல் ஏற்றுக்கொண்ட டெபியன் சுதந்திர மென்பொருள் வழிகாட்டுதல்களின் ஆறாவது விதி, எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் உரிமம் தடுக்கக்கூடாது என்கிறது. எனவே அது சுதந்திர மென்பொருள் ஆகாது. இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான ஃபெடோராவின் முடிவும் இதேதான். டெபியனின் பிஎச்பி பராமரிப்பாளர்கள் 2013இல் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, சுதந்திர உரிமத்தில் எழுதப்பட்ட மாற்று நிரலை வைத்தார்கள். ஒரு வரிக்காக ஒரு மொழியின் அடிப்படைப் பகுதியையே மாற்றுவதா என்று பலருக்கு எரிச்சல். 2015 டிசம்பரில் பிஎச்பி 7 வந்தபோது அந்த மொழியே பழைய ஜேசன் பகுதியைக் கைவிட்டுப் புதிதாக எழுதியதை ஏற்றுக்கொண்டது. உரிமப் பிரச்சினை அதற்கு ஒரு முக்கியக் காரணம். யாரோ சிலர் ஒரு உரிமத்தைக் கடைசி வரி வரைக்கும் வாசித்ததால், டெபியனைத் தொடாதவர்களுக்கும் ஒரு சட்டச் சிக்கல் ஒழிந்தது.

எனக்கு மிகப் பிடித்தது பெர்ல் குழு. பெர்ல் செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் ஒரு டெபியன் கணினியிலிருந்து அதை நீக்கிப் பார்க்க முயலட்டும். பெர்ல்-பேஸ் என்பது "இன்றியமையாதது" என்று குறிக்கப்பட்ட பேக்கேஜ். பேக்கேஜ்களை நிறுவும்போது கேள்வி கேட்கும் டெப்கான்ஃப் பெர்லில் எழுதியது. பேக்கேஜ் கட்டும் டெப்ஹெல்பரும் அப்படியே. நேற்றுப் பிறந்த ஒரு ரஸ்ட் நிரலை டெபியனுக்காகக் கட்டினாலும் அதைக் கட்டிக்கொடுப்பது பெர்ல்தான்.

இந்தக் குழு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெர்ல் தொகுதிகளை (பெர்லில் நிரலகத்துக்கு அதுதான் பெயர்) பார்த்துக்கொள்கிறது. பராமரிப்பாளர் என்ற இடத்தில் தனி ஆளின் பெயருக்குப் பதில் குழுவின் பெயர் இருக்கும். குழுவில் இருக்கும் யாரும் எந்தத் தொகுதியையும் தொடலாம், திருத்தலாம். "என்னோட பேக்கேஜ், நீ எப்படித் தொடலாம்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. கேட்பதற்குச் சின்ன விஷயம். தன்னார்வலர்களை நம்பி நடக்கும் எந்த வேலைக்கும் இதுதான் உயிர்நாடி என்று நான் நம்புகிறேன். ஒருவருக்குக் குழந்தை பிறக்கும், இன்னொருவருக்கு வேலை மாறும், வேறொருவருக்கு இதில் ஆர்வமே போய்விடும். தனி ஆள் வைத்திருந்த பேக்கேஜ் அப்போது அநாதையாகும். குழுவின் கையில் இருந்தால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார், போனவர் குற்ற உணர்ச்சி இல்லாமல் போகலாம், மனம் வந்தால் திரும்பியும் வரலாம். மூவாயிரம் தொகுதிகளும் ஒரே விதமாகக் கட்டப்பட்டிருப்பதால் அதுவரை பார்த்தே இராத ஒரு தொகுதியைத் திறந்தாலும் எது எங்கே இருக்கும் என்று தெரியும்.

பெர்லின் பெரிய பதிப்பு மாறும்போது இந்தக் குழுவின் முழுத் திறமையும் தெரியும். சி மொழியில் எழுதிய பகுதி கொண்ட தொகுதிகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட பெர்லோடு பிணைந்தவை. பெர்ல் மாறினால் அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களையும் சார்பு வரிசைப்படி அடுக்கடுக்காகத் திரும்பக் கட்ட வேண்டும். பாதியில் நின்றால் எதையும் நிறுவ முடியாது. அதனால் முன்கூட்டியே தனியாக ஒரு சோதனைக் களஞ்சியத்தில் எல்லாவற்றையும் கட்டிப் பார்த்து, உடைகிறவற்றைக் குறித்து, வழுக்களைப் பதிந்து, பேட்ச் எழுதி, அப்ஸ்ட்ரீமுக்கும், அதாவது மூல ஆசிரியர்களுக்கும், அனுப்பிய பிறகுதான் உண்மையான மாற்றம் தொடங்கும். தொடங்கிய பின் எல்லாம் அமைதியாக நடந்துவிட்டதாகத் தோன்றும். அதற்குப் பின்னால் மாதக்கணக்கில் வேலை நடந்திருக்கும்.

2016இல் இன்னொரு சோதனை வந்தது. பெர்ல் நிரல் ஒரு தொகுதியைத் தேடும்போது கடைசியாகத் தான் நிற்கும் அடைவிலும் தேடும். நெடுங்காலப் பழக்கம் என்று சொல்லலாம். கணினியின் முழு அதிகாரமும் கொண்ட ரூட் பயனர், யாரும் கோப்பு போடக்கூடிய டெம்ப் அடைவில் நின்றுகொண்டு ஒரு பெர்ல் கருவியை ஓட்டுகிறார் என்று வையுங்கள். அந்தக் கருவி "இருந்தால் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு தொகுதியைத் தேடுகிறது, கணினியில் அது இல்லை. அதே பெயரில் ஒரு கோப்பை யாராவது டெம்பில் போட்டு வைத்திருந்தால் அது ரூட் அதிகாரத்தோடு ஓடும். ஓட்டையை அடைக்க வழி எளிது, நிற்கும் அடைவைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியைத் தேடல் பாதையிலிருந்து எடுத்துவிட வேண்டும். எடுத்தால் அந்தப் பழக்கத்தை நம்பி எழுதப்பட்ட கட்டுமான நிரல்களும் சோதனைகளும் உடையும். பெர்ல் இதை 2017 மே மாதம் 5.26இல் செய்தது. டெபியன் அதற்கு முன்பே தன் 5.24இல் செய்துவிட்டது. உடைந்த தொகுதிகளைக் குழு ஒவ்வொன்றாகச் சரிசெய்து அந்தத் திருத்தங்களை மூல ஆசிரியர்களுக்கு அனுப்பியது. 5.26 வந்தபோது உலகின் மற்ற பெர்ல்காரர்கள் நடந்த பாதையில் முட்கள் ஏற்கெனவே பாதி பொறுக்கப்பட்டிருந்தன.

பைத்தான் 2ஐ அகற்றிய கதை இதைவிடப் பெரியது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடியும் என்று பல வருடம் முன்பே தெரியும். ஆனாலும் 2019இல் டெபியன் களஞ்சியத்தில் அதை நம்பியிருந்த பேக்கேஜ்கள் ஏராளம். அந்த ஆண்டில் ஆயிரக்கணக்கான வழுப் பதிவுகள் மொத்தமாகத் திறக்கப்பட்டன, ஒவ்வொன்றும் ஒரு பேக்கேஜுக்கு. மரத்தை வெட்டுவதில் ஒரு ஒழுங்கு வேண்டும். எதற்கும் அடிப்படையாக இல்லாத நிரலைத்தான் முதலில் எடுக்கலாம். அதை எடுத்தால் அது நம்பியிருந்த நிரலகம் விடுபடும், பிறகு அதை எடுக்கலாம். நடுவில் ஒரே ஒரு பிடிவாதமான நிரல் இருந்தால் போதும், அதற்குக் கீழே இருபது முப்பது நிரலகங்கள் நகர முடியாமல் நிற்கும்.

ஒவ்வொரு பேக்கேஜிலும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மூல ஆசிரியர் பைத்தான் 3க்கு மாறிவிட்டாரா? மாறியிருந்தால் நல்லது. மாறவில்லை என்றால் நாமே மாற்றி எழுதலாமா? எழுதினால் அவர் ஏற்றுக்கொள்வாரா, அல்லது அந்த மாற்றத்தைக் காலமெல்லாம் நாமே சுமக்க வேண்டுமா? ஆசிரியர் காணாமலே போயிருந்தால்? மின்னூல் மேலாண்மைக்கான காலிபர் நல்ல உதாரணம். பைத்தான் 2ஐத் தானே பராமரித்துக்கொள்ள முடியும் என்று ஆரம்பத்தில் சொன்னவர் அதன் ஆசிரியர் கோவித் கோயல். பின்னர் பலரும் அனுப்பிய திருத்தங்களோடு 2020 செப்டம்பரில் காலிபர் 5.0 பைத்தான் 3க்கு வந்து சேர்ந்தது. எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. பலர் அன்றாடம் பயன்படுத்திய சின்னச் சின்ன நிரல்கள் நீக்கப்பட்டன. நீக்கச் சொல்லிக் கோரிக்கை எழுதுகிறவர், அதை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டேதான் எழுதுவார். டெபியன் 11இல் சில பேக்கேஜ்களைக் கட்டுவதற்காக மட்டும் பைத்தான் 2 ஒட்டிக்கொண்டிருந்தது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் அது இல்லை. ஒரு மொழியை ஆயிரக்கணக்கான பேக்கேஜ்களிலிருந்து வேரோடு எடுத்து அடுத்ததை நட்ட இந்த வேலையில் பெரும்பகுதி சம்பளமில்லாமல் நடந்தது. எதையாவது புதிதாகச் சேர்ப்பதைத்தான் உலகம் பங்களிப்பு என்று கொண்டாடுகிறது. பொறுப்போடு எடுத்துவிடுவதற்கு அதைவிட அதிக அறிவும் மனத்திடமும் வேண்டும் என்று அந்த வருடங்களைப் பார்த்தபிறகு உறுதியாகச் சொல்வேன்.

ஒரே பதிப்பு என்பதற்கு ஆபத்தான மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. 2006இல் டெபியனில் குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில், சோதனைக் கருவி ஒன்று காட்டிய எச்சரிக்கையை நீக்குவதற்காக ஒரு பேட்ச் போடப்பட்டது. அது தற்செயல் எண்களை உருவாக்கும் பகுதியையே முடமாக்கிவிட்டது. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும்வரை அதிலிருந்து உருவான சாவிகள் எல்லாம் ஊகிக்கக்கூடியவை. வேறுபாடு வருவதற்கு மிஞ்சியிருந்தது ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் புரோசஸ் எண் மட்டும், அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். ஒரே இடத்தில் திருத்தினால் எல்லோருக்கும் நன்மை என்றால், ஒரே இடத்தில் தவறினால் எல்லோருக்கும் கேடு. உபுண்டுவும் அதில் அடிபட்டது. இன்று ஒவ்வொரு பேட்சின் தலைப்பிலும் இதை மூல ஆசிரியருக்கு அனுப்பினாயா என்று ஒரு வரி இருக்கிறது. நாங்கள் அதை நிரப்பாமல் விடுவதில்லை. பெர்ல் குழு இதற்கென்றே ஒரு கட்டளை வைத்திருக்கிறது, ஒரு பேட்சையோ வழுவையோ நேரடியாக அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பிவைக்கும். எழுதியவர் பார்த்து ஒப்புக்கொள்ளாத திருத்தத்தை நீண்டகாலம் வைத்திருப்பது யாருக்கும் நல்லதல்ல.

புதிய மொழிகள் இந்த விதியை நாலா பக்கமும் இழுக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தில் பத்து வரி எழுதினால் ஒரு தொகுதி. டெபியனின் ஜாவாஸ்கிரிப்ட் குழு அப்படிப்பட்ட குட்டித் தொகுதிகளைச் சேர்த்து ஒரே மூலப் பேக்கேஜாக்கிச் சமாளிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலை மாற்றித்தரும் பேபலைக் கட்ட பேபல் வேண்டும் என்பது போன்ற வட்டங்களை உடைப்பதற்கே தனித் திறமை தேவை. நிரல்களைச் சேமித்துப் பகிர உதவும் மென்பொருளான கிட்லாப் நூற்றுக்கணக்கான ரூபித் தொகுதிகளையும் நோடு (ஜாவாஸ்கிரிப்ட்) தொகுதிகளையும் கேட்கும். அத்தனையையும் பேக்கேஜ் ஆக்கும் பெரும் உழைப்பைக் கேரளத்தைச் சேர்ந்த ஒரு டெபியன் டெவலப்பர் முன்னின்று நடத்தினார். கிட்லாப் மாதத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது, டெபியனோ இரண்டு வருடத்துக்கு ஒன்று. இரண்டும் ஒத்துவரவில்லை. கடைசியில் அதுபோன்ற மென்பொருளுக்காக ஃபாஸ்ட்டிராக் என்று தனிக் களஞ்சியம் திறக்கப்பட்டது. விதியை வளைக்காமல் பக்கத்தில் இன்னொரு வாசல் வைத்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

ரஸ்டும் கோவும் கடினம். அங்கே நிரலகப் பேக்கேஜில் மூலநிரல் மட்டும்தான் இருக்கும். நிரலைக் கட்டும்போது அது நிரலுக்குள்ளேயே கரைந்துவிடும். நிரலகத்தில் ஒரு ஓட்டை அடைக்கப்பட்டால் மட்டும் போதாது, அதைக் கரைத்துக்கொண்ட ஒவ்வொரு நிரலையும் திரும்பக் கட்ட வேண்டும். இப்படிப்பட்டவற்றை மொத்தமாகத் திரும்பக் கட்டுவதில் தன் உள்கட்டமைப்புக்குச் சிக்கல் இருக்கிறது என்று டெபியன் தன் வெளியீட்டுக் குறிப்புகளிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ரஸ்ட் குழு சில நிரலகங்களுக்கு இரண்டு பதிப்புகளை அருகருகே வைக்கவும் வேண்டியிருக்கிறது. இதைக் காட்டி, அப்படியானால் விதியை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு நிரலும் தன் சார்புகளைத் தன்னோடு சுமக்கட்டும் என்கிறார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அது தவறான வழி. எந்த நிரலுக்குள் எந்த நிரலகம் கரைந்திருக்கிறது என்பதைப் பேக்கேஜ் தகவலில் பதிந்துவைக்கும் வசதி வந்துவிட்டது. ஒரு நிரலகத்துக்கு ஒரு பதிப்பு, மிஞ்சினால் இரண்டு என்ற கட்டுப்பாடு இருக்கும்வரைதான் அந்தப் பதிவால் பயன். எழுபது பதிப்புகள் எழுபது நிரல்களுக்குள் கிடந்தால் 2021 டிசம்பரின் தேடல்தான் திரும்ப வரும்.

இதெல்லாம் நமக்குத் தூரத்து விஷயமாகத் தோன்றலாம். தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. கிராமத்துப் பள்ளி மாணவி ஒருத்தி அதில் பைத்தான் முனையத்தைத் திறந்து இரண்டு எண்ணைக் கூட்டிப் பார்த்திருந்தால், அந்தப் பைத்தான் இந்தக் குழுக்களின் கை வழியாகத்தான் அவளிடம் வந்திருக்கும். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினிடெப்கான்ஃப் என்ற சிறு டெபியன் மாநாடு நடந்தது. அந்த ஊரின் லினக்ஸ் பயனர் குழுவே முன்னின்று நடத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் முதல்முறையாக இந்தியாவுக்கு, கொச்சிக்கு வந்தது. பைத்தானும் ஜாவாவும் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். மொழிக் குழுக்களில் நம் ஆட்கள் மிகக் குறைவு.

வர நினைப்பவர்களுக்குப் பெரிய தகுதி எதுவும் தேவையில்லை. நிரல் எழுதுவதைவிட நிரலை வாசிக்கும் பொறுமைதான் அதிகம் வேண்டும். டெபியனில் ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப் என்று ஒரு பேக்கேஜ் இருக்கிறது. அதை நிறுவிவிட்டால், நீங்கள் எதையாவது ஆப்ட் வழியாக நிறுவும்போதெல்லாம், உங்கள் கணினியில் இருப்பவற்றில் எதற்குப் பராமரிப்பாளர் இல்லை, எது அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் டெஸ்டிங்கிலிருந்து நீக்கப்படும் நிலையில் இருக்கிறது, எந்த வழு புதியவர்களுக்கு ஏற்றது என்று பட்டியல் காட்டும். அதில் உங்களுக்குத் தெரிந்த மொழியில் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் குழுக்கள் மூலநிரலை வைத்திருக்கும் சால்சா தளத்தில் கணக்குத் தொடங்கி, அந்த மொழியின் குழுவுக்கு இதைப் பார்க்கிறேன் என்று ஒரு மடல் எழுதுங்கள். முதல் பேக்கேஜை உங்களுக்குப் பதில் குழுவில் உள்ள ஒருவர் சரிபார்த்து ஏற்றுவார். காப்புரிமைக் கோப்பில் விட்டுப்போன பெயர்களைக் காட்டித் திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிடாதீர்கள், எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் திரும்பி வருகிறது. பெர்ல் தெரிந்தவர்கள் இருந்தால் எனக்கே எழுதலாம், அடுத்த பெரிய பெர்ல் மாற்றத்துக்கு முன் பார்க்க வேண்டிய தொகுதிகள் நிறைய இருக்கின்றன.